வாழும் ஊரின் வாக்கு

நுழையும் முன்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று, பாட்டனும் பாட்டியும் வாழ்ந்த சொந்த ஊர். மற்றொன்று, பெற்றோர் தொழில் செய்து பிழைக்கும் இந்நகரம். அன்பை இரண்டு ஊர்களுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். வாக்கை அவ்வாறு பகிர இயலாது. அந்த ஒரு வாக்கு எந்த ஊரில் இருக்க வேண்டும், அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

1. பொங்கலன்று வந்த தேர்தல்

2026ஆம் ஆண்டில் தைப்பொங்கல் சனவரி 15ஆம் நாள் வந்தது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர்கள் வாசலில் கோலமிட்டுப் பொங்கலிடும் அதே நாளில், பெருமும்பை மாநகராட்சித் தேர்தலின் வாக்குப்பதிவும் நடைபெற்றது. மறுநாள், மாட்டுப்பொங்கலன்று, வாக்குகள் எண்ணப்பட்டன.

பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்வது மும்பைத் தமிழர் பலரின் நெடுநாள் வழக்கம். பல வாரங்களுக்கு முன்பே இரயில் பயணச்சீட்டுப் பதிவு செய்துவிடுவர். ஆகவே, அவ்வாண்டு அவர்கள் முன் ஒரு கேள்வி எழுந்தது. ஊருக்குச் செல்வதா, இங்கே தங்கி வாக்களிப்பதா என்பதே அக்கேள்வி.

அது எளிதில் விடை காணத்தக்க கேள்வியன்று. ஊரில் முதியோர் வழி பார்த்துக் காத்திருப்பர். ஆனால், மும்பையில் அத்தேர்தல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது. அதற்கு முந்தைய தேர்தல் 2017 பிப்ரவரி 21ஆம் நாள் நடந்தது. அன்று முதல் வகுப்பில் படித்த குழந்தை, அடுத்த தேர்தல் வந்தபோது பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தது.

உள்ளாட்சி மன்றங்களின் ஆட்சிக்காலம் ஐந்து ஆண்டுகள் என்று அரசமைப்புச் சட்டம் கூறுகிறது. 1992இல் நிறைவேற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் இவ்விதியை நகராட்சிகளுக்கு வகுத்தது. இருப்பினும், இட ஒதுக்கீடு, வட்டங்களின் எல்லை முதலியவை குறித்த வழக்குகளால் மகாராட்டிர மாநில உள்ளாட்சித் தேர்தல்கள் தள்ளிப்போயின. மும்பை மாமன்றத்தின் காலம் 2022 மார்ச்சு மாதத்தில் முடிந்தது. அதன்பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் மாநகராட்சி ஆணையரே நிருவாகியாக இருந்து நகரை நடத்தினார். தேர்தலை நடத்துமாறு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே வழி பிறந்தது.

இவ்வளவு காத்திருப்புக்குப் பின் வந்த தேர்தலில் பதிவான வாக்குகள் ஏறத்தாழ 53 விழுக்காடு. பட்டியலில் பெயருள்ள நூறு பேரில் 47 பேர் வாக்குச்சாவடிக்கு வரவில்லை.

2. மாமன்றம் என்ன செய்கிறது?

மும்பை மாநகராட்சி, 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. நகரம் 227 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வட்டம் என்பதையே மக்கள் வார்டு என்று வழங்குகின்றனர். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒருவர் மாமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அவரை மராத்தியில் நகர்சேவக் என்பர். நகரத்தின் ஊழியர் என்பது அதன் பொருள்.

ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்வை மாநகராட்சி எத்தனை இடங்களில் தொடுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று. குழாயில் வரும் நீரைத் தான்சா, பாட்சா, வைதர்ணா முதலிய நீர்நிலைகளிலிருந்து கொண்டுவந்து தருவது மாநகராட்சி. தெருவிலுள்ள குப்பையை அகற்றுவதும், மழைநீர் வடிகாலைத் தூர்வாருவதும் அதன் பணிகள். தாராவி மக்கள் நாடிச்செல்லும் சயான் மருத்துவமனையை நடத்துவதும் மாநகராட்சியே. லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என்பது அதன் முழுப்பெயர். பிறப்புச் சான்றிதழ் தருவதும் அதுவே.

மொழிக்கும் அதில் இடமுண்டு. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குசராத்தி, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழ்வழியிலும் பள்ளிகளை நடத்துகிறது. அப்பள்ளிகளுக்கு ஆசிரியர் போதுமான அளவில் உள்ளனரா, வகுப்பறை ஒழுகாமல் இருக்கிறதா என்று கேட்கும் இடங்களுள் ஒன்று மாமன்றம். 2025-26ஆம் ஆண்டிற்கு இம்மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டம் 74 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேற்பட்டது. அப்பணத்தை எங்கே, எதற்குச் செலவிடுவது என்பதில் ஒவ்வொரு வட்டத்தின் குரலும் ஒலிக்க வேண்டும்.

மாமன்றம் இல்லாத நான்கு ஆண்டுகளிலும் குழாயில் நீர் வந்தது, குப்பையும் அள்ளப்பட்டது. ஆனால், தெருவிளக்கு எரியாதபோது யாரிடம் முறையிடுவது என்று கேட்டால், அலுவலகத்தின் பெயரைச் சொல்ல முடிந்ததே ஒழிய, தம்மால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரின் பெயரைச் சொல்ல முடியவில்லை.

3. சமமாக நின்ற வாக்குகள்

ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும் என்று பலர் கேட்பதுண்டு. இதற்கு மும்பையே ஒரு விடை தந்துள்ளது.

2017ஆம் ஆண்டுத் தேர்தலில், தென்மும்பையிலுள்ள 220ஆம் வட்டத்தில் வாக்குகள் எண்ணப்பட்டன. அதுல் ஷா, சுரேந்திர பாகல்கர் என்னும் வேட்பாளர் இருவரும் தலா 5,946 வாக்குகள் பெற்றிருந்தனர். மறுபடியும் எண்ணிப் பார்த்தும் இருவரும் சமமாகவே நின்றனர். முடிவில் குலுக்கல் முறையில் சீட்டு எடுக்கப்பட்டது. அதில் அதுல் ஷா வெற்றி பெற்றார்.

அன்று அவ்வட்டத்தில் வாக்களிக்காமல் இருந்தவர் பல்லாயிரவர். அவர்களுள் ஒரே ஒருவர் வந்து இவ்விருவரில் ஒருவருக்கு வாக்களித்திருந்தால் குலுக்கலுக்குத் தேவையே ஏற்பட்டிராது. மக்கள் சொல்ல வேண்டிய முடிவை ஒரு சீட்டுச் சொல்லிற்று.

குலுக்கல் தமிழருக்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவ்வூர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்கால வட்டம் போன்றது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். இதுவே குடவோலை முறை. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்க இயலாது என்னும் கடுமையான விதியும் அக்கல்வெட்டில் உண்டு.

எனினும், அம்முறையில் எல்லாருக்கும் இடமில்லை. சொந்த நிலமும் வீடும் உடையவராய், குறிப்பிட்ட கல்வி பெற்றவராய், 35 வயதிற்கு மேல் 70 வயதிற்கு உட்பட்டவராய் இருப்போர் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. நிலமற்றோர் பெயர் குடத்தில் விழவில்லை.

மும்பையிலும் நெடுங்காலம் நிலைமை அத்தகையதே. ஆங்கிலேயர் ஆட்சியில் குறிப்பிட்ட அளவு வரியோ வாடகையோ செலுத்தியோர்க்கே மாநகராட்சித் தேர்தலில் வாக்குரிமை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிப் பகுதியினர் பலர் தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தனர். குறைந்த கூலிக்கு உழைத்த அத்தகையோர் இந்நகரைக் கட்டியெழுப்பினர். ஆயினும் அதன் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு எட்டாததாகவே இருந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்னும் முறையில் மும்பை மாநகராட்சித் தேர்தல் 1948இல்தான் முதன்முதலாக நடைபெற்றது. ஆகவே, இன்று எளிதாகக் கிடைக்கும் வாக்கு, முன்னோர் பலர் பெறாத ஒன்றாகும்.

4. விழுக்காட்டைப் படித்தல்

வாக்குப்பதிவு விழுக்காடு என்பது, பதிவான வாக்குகளை வாக்காளர் பட்டியலிலுள்ள மொத்தப் பெயர்களால் வகுத்து, நூறால் பெருக்கினால் கிடைப்பது. மும்பை மாநகராட்சித் தேர்தல்களில் அது ஏறத்தாழ எவ்வளவு இருந்தது என்பதைக் கீழே காண்க.

2012 - 45 விழுக்காடு
2017 - 55 விழுக்காடு
2026 - 53 விழுக்காடு

2017இல் கட்சிகள் தனித்தனியே நின்றமையால் போட்டி கடுமையாக இருந்தது. அவ்வாண்டு வாக்குப்பதிவும் உயர்ந்தது.

பெருநகரங்களில் வாக்குப்பதிவு குறைவாக இருப்பது மும்பைக்கு மட்டும் உரிய குறையன்று. 1688இல் தோன்றிய சென்னை மாநகராட்சி, இந்தியாவிலேயே மிகப் பழமையானது. அங்கு 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலில் ஏறத்தாழ 44 விழுக்காடு வாக்குகளே பதிவாயின. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் அத்தேர்தலில் 60 விழுக்காட்டிற்கு மேல் பதிவாயிருந்தது. 2019 டிசம்பரில் நடைபெற்ற தமிழக ஊரக உள்ளாட்சித் தேர்தலிலோ நூற்றுக்கு 75 பேருக்கு மேல் வாக்களித்தனர். ஊர் சிறிதாக இருந்தால் வேட்பாளரை வாக்காளரும், வாக்காளரை வேட்பாளரும் அறிவர். நகரம் பெருகப் பெருக அவ்வறிமுகம் குறைகிறது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். 2026இல் மும்பையில் வாக்காளர் ஒரு கோடியே மூன்று இலட்சம் பேர். வட்டங்கள் 227. எனவே, ஒரு வட்டத்திற்குச் சராசரியாக 45,000 வாக்காளர். 53 விழுக்காட்டினர் வந்தால், பதிவாகும் வாக்குகள் ஏறத்தாழ 24,000. வேட்பாளர் நால்வர் இருந்து, அவற்றுள் 9,000 வாக்குகள் பெற்றவர் வெற்றி பெறுகிறார் என்று கொள்வோம். 45,000 பேருக்காகப் பேச வேண்டியவரை, அவர்களுள் ஐந்தில் ஒரு பங்கினரே தேர்ந்தெடுத்துள்ளனர். வராதிருந்தவர்களோ 21,000 பேர். வென்றவர் பெற்ற வாக்குகளைப்போல இரண்டு மடங்கிற்கும் அதிகம்.

இக்கணக்கைக் கொண்டு, வராதவர் அனைவரும் பொறுப்பற்றவர் என்று முடிவு செய்தல் தவறாகும். வீடு மாறிச் சென்றவர், இறந்தவர் ஆகியோர் பெயர்கள் பட்டியலில் நீக்கப்படாமல் இருந்தாலும் விழுக்காடு குறையும். வேறு காரணங்களும் உள்ளன.

5. இரண்டு ஊர், ஒரு வாக்கு

நாட்கூலி பெறுவோர்க்கு ஒரு நாள் வேலை போனால் ஒரு நாள் உணவு போகும். வாடகை வீட்டில் வாழ்வோர் பதினொரு மாதத்திற்கு ஒருமுறை வீடு மாறும் நிலை உண்டு. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுப் புதியவை எழும் இந்நகரில், பட்டியலில் உள்ள முகவரியே மறைந்துபோவதும் உண்டு.

தமிழர்க்குப் பெயரிலும் ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. மகாராட்டிரத்தில் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூன்று பகுதிகளாக எழுதுவர். தமிழர்க்கோ பெயரும் தந்தையின் முன்னெழுத்துமே உண்டு. ஆகவே, ஒரே பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும், மற்றோர் ஆவணத்தில் வேறுவிதமாகவும் அமைந்துவிடுகிறது. வாக்குப்பதிவு நாளன்று பட்டியலில் தம் பெயரைத் தேடிக் காணாமல் திரும்புவோருள் சிலர், உண்மையில் வேறோர் எழுத்தின் கீழ் அப்பட்டியலிலேயே இருப்பர்.

இவை எல்லாவற்றிற்கும் மேலான காரணம் ஒன்றுண்டு. மும்பையில் பல்லாண்டுகள் வாழ்ந்தும், தம் பெயரைச் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே வைத்திருப்போர் உளர். பெயரை எடுத்துவிட்டால் ஊரோடுள்ள உறவே அறுந்துவிடும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் மதிக்கத்தக்கதே. ஆயினும், சட்டம் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது.

1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, ஒருவர் பெயர் ஒரே தொகுதியில், ஒரே ஒரு முறைதான் இருக்கலாம். எத்தொகுதியில் வழக்கமாக வசிக்கிறாரோ அங்கேயே அவர் பெயர் இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் வீடு உடையவராய் இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராகக் கருதப்படமாட்டார். அதேபோல, சிறிது காலம் வெளியூர் சென்றதால் மட்டும் வசிப்பிட உரிமை போய்விடுவதுமில்லை. சட்டமன்றத் தேர்தலுக்கென அமைந்த இப்பட்டியலையே வட்டந்தோறும் பிரித்து, மாநிலத் தேர்தல் ஆணையம் மாநகராட்சித் தேர்தலை நடத்துகிறது.

இவ்விதியின் கருத்து எளியது. எவ்வூர்க் குழாய் நீரைக் குடிக்கிறோமோ, எவ்வூர் மழைவெள்ளத்தில் நடக்கிறோமோ, எவ்வூர்ப் பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கிறார்களோ, அவ்வூரின் ஆட்சியைத் தேர்ந்தெடுப்பதே முறை. நெல்லையிலுள்ள ஊராட்சித் தலைவர் தாராவியின் வடிகாலைத் தூர்வார இயலாது. பெயர் இங்கு வந்துவிட்டதால் குலதெய்வமும் உறவினரும் மொழியும் தொலைந்துபோவதுமில்லை. மாட்டுங்காவில் 1932இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தோர் இந்நகரையும் தம் ஊராகக் கொண்டே பள்ளி நடத்தினர்; தென்னாட்டு மொழியையும் பண்பாட்டையும் அவர்கள் கைவிடவில்லை.

6. பிள்ளைகள் செய்யத்தக்கவை

பதினெட்டு வயது நிரம்பாதோர் வாக்களிக்க இயலாது. 1989க்கு முன் அவ்வயது இருபத்தொன்றாக இருந்தது. எனினும், வாக்களிக்கும் வயது வரும்வரை ஒன்றும் செய்யாதிருக்க வேண்டுவதில்லை.

மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், அவற்றைப் படிக்க இயலாத பெரியோர்க்கு வாக்காளர் பட்டியலைப் படித்துக் காட்டலாம். பெயர் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று குறித்து வைக்கலாம். புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்திற்கும் பிழைதிருத்தத்திற்கும் படிவம் 8 என்பதை எடுத்துச் சொல்லலாம். பதினேழு வயது நிரம்பிய அண்ணனோ அக்காளோ இருந்தால், முன்னதாகவே விண்ணப்பிக்கலாம் என்று தெரிவிக்கலாம். இவற்றைத் தேர்தல் அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போடுதல் கூடாது. குறிப்பிட்ட நாள்வரை சேர்ந்த பெயர்களைக் கொண்டே தேர்தல் நடைபெறும்.

யாருக்கு வாக்களிப்பது என்பது ஒவ்வொருவரின் மறைவான முடிவு. அதனைக் கேட்பதும் முறையன்று, வற்புறுத்துவதும் முறையன்று. பெயர் இருக்கிறதா என்று கேட்பதே பிள்ளைகளின் பணி.

2026 தைப்பொங்கலன்று, பொங்கலிட்டுக் கதிரவனை வணங்கியபின் வாக்குச்சாவடிக்குச் செல்ல மும்பைத் தமிழர்க்கு நேரம் இருந்தது. அதற்கு வேண்டியது ஒன்றே: அவர்கள் பெயர் இவ்வூர்ப் பட்டியலில் முன்கூட்டியே எழுதப்பட்டிருத்தல்.

சொல்லும் பொருளும்

மாமன்றம் - மாநகராட்சி உறுப்பினர் கூடும் அவை
வட்டம் - வார்டு. ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பகுதி
விழுக்காடு - நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
குடும்பு - சோழர் கால ஊர்ப்பிரிவு
தூர்வாருதல் - படிந்த சேற்றை அள்ளுதல்
இடர்ப்பாடு - துன்பம், இடையூறு
தலா - ஒவ்வொருவருக்கும்

மொழியை அறிவோம்: பெயரெச்சம்

வாழும் ஊர், எழுதிய பெயர் ஆகிய தொடர்களில் வாழும், எழுதிய என்பன முற்றுப்பெறாத வினைகள். அவை ஊர், பெயர் என்னும் பெயர்ச்சொற்களைக் கொண்டு முடிகின்றன. இவ்வாறு பெயரைக் கொண்டு முடியும் எச்சவினை பெயரெச்சம் எனப்படும். வராத வாக்காளர், எரியாத விளக்கு என்பவற்றில் செயல் நிகழவில்லை என்னும் பொருள் உள்ளது. இவை எதிர்மறைப் பெயரெச்சங்கள்.

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. மும்பை மாநகராட்சியில் உள்ள வட்டங்கள் ________.
2. உத்திரமேரூரில் வழங்கிய தேர்தல் முறை ________ முறை.
3. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் மும்பை மாநகராட்சித் தேர்தல் நடந்த ஆண்டு ________.

ஆ. பெயரெச்சமா, எதிர்மறைப் பெயரெச்சமா எனக் கூறுக.
1. பதிவான வாக்கு
2. கிடைக்காத உரிமை
3. பாடும் பறவை
4. திறக்காத கதவு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நகர்சேவக் என்பதன் பொருள் யாது?
2. 220ஆம் வட்டத்தில் குலுக்கல் நடத்த நேர்ந்தது ஏன்?
3. குடவோலை முறையில் இடம்பெறாதோர் யாவர்?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. வாக்குப்பதிவு விழுக்காடு குறைவதற்கான காரணங்களுள் மூன்றனை விளக்குக.
2. குடவோலை முறைக்கும் இன்றைய தேர்தலுக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.

உ. கணக்கிடுக.
ஒரு வட்டத்தில் 40,000 வாக்காளர் உள்ளனர். 22,000 பேர் வாக்களித்தனர். வாக்குப்பதிவு எத்தனை விழுக்காடு? வாக்களிக்காதோர் எத்தனை பேர்?

ஊ. வீட்டில் செய்க.
உன் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பின்வருவனவற்றைக் கேட்டுப் பத்துத் தொடர்களில் எழுதுக: அவர் முதன்முதலாக வாக்களித்தது எந்த ஊரில்? இப்போது அவர் பெயர் எவ்வூர்ப் பட்டியலில் உள்ளது? அவ்வாறு இருப்பதற்கு அவர் கூறும் காரணம் யாது?